திரும்பிப் பார்க்காமல் வந்தவர்

தாணுமாலயன் சார் பேசினால் சாவு வீட்டில் அழுகை நின்றுவிடும். அது அவருக்கு வாய்த்த வரம் என்று ஊரில் சொல்வார்கள். அழ வந்தவர்களை அழ விடாமல் அனுப்புவதற்கு வரம் என்று பெயரா என்பது எனக்குத் தெரியாது.

தாமிரபரணிக் கரையில் ஞானவடிவு அம்மாவின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, சாயங்காலம் வந்து உட்கார்ந்து கேட்கிற கொஞ்சம் பேர். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் சார் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். இப்போது சார் அவருக்குச் சீடர். சார் அவரை 'அம்மா' என்பார். அம்மா பழைய பழக்கத்தை விடாமல் 'சார்' என்றே கூப்பிடுவார்.

மடத்தின் சார்பில் துக்கம் கேட்கப் போகிறவர் சார்தான். உடம்பு விறகு, உயிர் தீ, மிஞ்சுவது சாம்பல் என்று ஆரம்பிப்பார். சாம்பலில் ராஜா எது, பிச்சைக்காரன் எது என்று கேட்பார். பதில் சொல்ல யாருக்கும் வராது. அத்தோடு அழுகையும் அடங்கிப்போகும்.

அந்த சாரின் மனைவி உலகம்மாள் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. சாரே கொள்ளி வைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. படித்த மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் காலையில் சார் மடத்துக்கு வந்தார். மறுநாள் மடத்துக் கூடத்திலேயே உலகம்மாளுக்கு நினைவுக் கூட்டம் வைப்பதாக ஏற்பாடு. தேவாரம் பாட ஆள் சொல்லியாகிவிட்டது. படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. கடைசியில் சாரே பேசுவதாக இருந்தது.

"வழக்கமான படத்திறப்பு மாதிரி இருக்கக் கூடாதும்மா. அர்த்தமா இருக்கணும். எப்படி நடத்தட்டும்?"

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "யோசிப்போம் சார்" என்றார்.

சார் தன் பேச்சைச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார். விறகு வந்தது, தீ வந்தது. சாம்பல் வருவதற்குள் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார்.

வந்தவர் சுடலைமணி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். அவருடைய அக்கா மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன், காய்ச்சலோடு ஊருக்கு வந்து சில நாளில் செத்துப்போனான். உலகம்மாள் போன அதே நாள். அதே மயானம். அந்தப் பையனுக்கு அப்பா இல்லாததால் தாய்மாமனான சுடலைமணிதான் கொள்ளி வைத்தார். இதெல்லாம் அவரே சொன்னது. 

பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"எங்க மருமகன் அஸ்தியில இது கெடந்துதும்மா. எலும்புத் துண்டோட சேர்ந்து வந்திருக்கு, நாங்க கவனிக்கல. எங்கக்காதான் முந்தாநாள் பானைக்குள்ள கையவிட்டு எடுத்தா."

படத்தில் விரல் நீளத்துக்குக் கறுத்துப்போன ஒரு இரும்புப் பட்டை. ஓட்டை ஓட்டையாக இருந்தது. இரண்டு திருகாணிகள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. எலும்பு ஒடிந்தால் ஆபரேஷன் செய்து உள்ளே வைப்பார்களே, அந்தப் பிளேட்.

"அவனுக்கு ஒரு நாளும் கை கால் ஒடிஞ்சது கெடையாது" என்றார் சுடலைமணி. "யாரும் செய்வினை வச்சிருப்பாங்களோன்னு எனக்கு ஒரு பயம். எங்கக்காவுக்கு அது இல்ல. திருப்பூர்ல புள்ளைக்குக் கால் ஒடிஞ்சிருக்கு, எங்கிட்ட மறைச்சுட்டான்னு சொல்லுதா. யாரு அவனுக்குக் கஞ்சி குடுத்தா, யாரு தூக்கி உக்கார வச்சான்னு கேட்டுக்கிட்டே கெடக்கா. நாளைக்கு ஆத்துல கரைக்கணும். பானையத் தொட விடமாட்டேங்கா."

சார் படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா மொச்சையை வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க சொல்லுங்க."

 சார் தொண்டையைச் செருமினார். பிறகு அவருடைய மேடைக் குரல் வந்தது.

"தம்பி, நெருப்பு ஒண்ணை எரிக்கும், ஒண்ணை விடும். எலும்போ இரும்போ, எரிஞ்ச பிறகு எல்லாம் ஒண்ணுதான். அதுல கணக்குப் பார்க்கக் கூடாது. நாளைக்கு அக்காகிட்டச் சொல்லி ஆத்துல விட்டுருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சுடலைமணி கும்பிட்டார். மனசு ஆறாத கும்பிடு. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மறுபடி மொச்சையை எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று சாருக்கு இருந்திருக்கும். எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"உலகம்மாள் அக்காவுக்குப் பிளேட் வச்சது எந்தக் கால்ல சார்?" என்றார் அம்மா கடைசியில்.

"இடது கால்ல."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. சார் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த மயானத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு மேடைகள். உலகம்மாளைக் கொண்டுபோனபோது இரண்டும் காலியாகத்தான் இருந்தன. விறகு அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசினார்கள். சார் குடம் உடைத்தார். சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சார் பார்க்கவில்லை. அதையும் உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அவர் போன பிறகுதான் பக்கத்து மேடைக்குச் சுடலைமணியின் மருமகனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சுடலைமணியும் முறைப்படி கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் பால் தெளித்து எலும்பு பொறுக்க வேண்டும். எங்கள் பக்கம் அதைக் காடாத்து என்பார்கள். சார் ஆற்றில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ஆற்றுப் பக்கத்து வழியாக ஏறி வந்தார். முந்தின நாள் வந்தது ரோட்டுப் பக்கமாக. வலது இடதாகிவிட்டது. பார்த்தால் இரண்டு மேடையிலும் இரண்டு மண் மேடு, ஒன்றுபோல. மயானத்துக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தலைமையாசிரியராக இருந்தவருக்கு யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லை. கூட வந்தவர்களும், கொள்ளி வைத்தவருக்குத் தெரியாதா என்று பேசாமல் நின்றார்கள். ஒரு மேட்டைக் கலைத்தார், பொறுக்கினார், நேராக ஆற்றில் இறங்கிக் கரைத்தார். பின்னால் வந்த சுடலைமணி மிச்சம் இருந்த மேட்டைக் கலைத்து எடுத்துப் போனார்.

"பொறுக்கும்போது பிளேட் கையில படலையேன்னு தோணலையா சார்?"

"அப்பத் தோணல. ரெண்டு நாள் கழிச்சுத் தோணுச்சு." சாரின் குரல் இறங்கிவிட்டது. "நெருப்புல உருகிப் போயிருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன்."



சார் வாதாட ஆரம்பித்தார். பாவம், வாதாட அவருக்கு நன்றாக வரும். "நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பையனை நான் கரைச்சாச்சு. இவளை அவங்க நாளைக்குக் கரைச்சுருவாங்க. ஒரே ஆறு. உண்மையைச் சொன்னா அந்தத் தாய்க்கு இருக்கிற பானையும் போயிடும். சொல்லாம விட்டா என் மனைவியை இன்னொருத்தர் கரைப்பார், அந்த வலி எனக்கு மட்டும்தான். அதை நான் தாங்கிக்கிடுதேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"மகன் கால் ஒடிஞ்சு கெடந்தான்னு அந்த அம்மா இன்னும் எத்தனை வருசம் நினைச்சுக்கிட்டுக் கெடப்பா சார்?"



அம்மா எழுந்து குடையை எடுத்தார். "அவங்க வீடு எங்கன்னு கேட்டியளா?"

"இல்லை."

"வாங்க, விசாரிச்சுக்கிடுவோம்."

வெயில் ஏறியிருந்தது. வழி நெடுக சார் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கெஞ்சிக்கொண்டு வந்தார். அம்மா சொன்னால் அவர்கள் அடங்கிப் போவார்கள், மடத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தான் சொன்னால் அடி விழுந்தாலும் விழும் என்றார். அதில் பொய்யில்லை. இளவட்டச் சாவு விழுந்த வீட்டில் எல்லாருடைய கையும் யாரையாவது அடிக்கத்தான் துடித்துக்கொண்டிருக்கும்.

"நீங்க சொல்லிருங்கம்மா."

"கொள்ளி வச்சது நான் இல்ல சார்."

அரிசி ஆலைத் தெருவுக்குள் நுழைந்தார்கள். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. சார் அதன் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தார். டீக்கடையில் அந்தச் சாவு வீடு எது என்று மட்டும் கேட்டார்.

வாசலில் பந்தல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடத்து அம்மாவைக் கண்டதும் எழுந்து வழி விட்டார்கள். சுடலைமணி ஓடி வந்தார். "அக்காகிட்டச் சொல்லத்தான் வந்தியளா? நல்லதாப் போச்சு" என்றார். அந்த நன்றியைத் தாங்க சாரால் முடியவில்லை. கால் பின்வாங்கிற்று. அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்ததால் திரும்ப இடமில்லை.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கொல்லையில் முருங்கை மரத்தடியில் பானையை வைத்திருந்தார்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, பக்கத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. முன்னால் ஒரு வாழையிலையில் சோறும் மீன் குழம்பும். பதினாறு முடிகிறவரை கவுச்சி ஆகாது என்று எல்லோரும் தடுத்தும், மகனுக்குப் பிடிக்கும் என்று அவன் அம்மா தினமும் மீன் வைத்துப் படைத்தாளாம். அவள் பெயர் சொர்ணத்தாய். பானைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பிளேட் இருந்தது.

சார் கைகூப்பினார். "தாயே, இந்த உடம்பு என்பது..."

பின்னால் அம்மா இருமினார்.

சார் நிறுத்தினார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அந்தப் பிளேட் என் வீட்டுக்காரியோடது" என்றார்.

சுடலைமணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. சார் மேடைகளைப் பற்றிச் சொன்னார், ஆற்றுப் பக்கமாக வந்ததைச் சொன்னார், கரைத்ததைச் சொன்னார். எதையும் விடவில்லை. கொல்லை வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

சுடலைமணி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "அப்போ காலையில எங்கிட்ட எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னீரே, தெரிஞ்சா சொன்னீரு?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ ஒருவன் முன்னால் பாய்ந்தான். சார் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அம்மாவும் குறுக்கே வரவில்லை. சாருக்கு அது புரியவில்லை, எனக்குப் புரிகிறது.

"விடுடா அவர" என்றாள் சொர்ணத்தாய்.

சுடலைமணியின் கை தளர்ந்தது. அவள் சாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ எம் புள்ள காலு?"

"ஒண்ணும் ஆகலம்மா."

"ஒடியலயா?"

"ஒடியல. ஆபரேஷனும் இல்ல. ஒண்ணும் இல்ல."

அவள் மடியில் இருந்த பிளேட்டை எடுத்து மெதுவாகக் கீழே வைத்தாள். நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டாள். பிறகு கூடி நின்றவர்களிடம், நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி, "எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயாம்" என்றாள்.  ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பார்வை இலை மேல் விழுந்தது. திடுக்கிட்டுப் போனாள்.

"ஐயோ, உங்க வீட்டம்மா கவுச்சி சாப்பிடுவாகளா?"

"மாட்டா. சைவம்."

"தெரியாம தெனமும் மீனா வச்சுட்டேனே."

சார் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு. "பக்கத்து வீட்டுல மீன் குழம்பு கொதிச்சா எங்க அடுக்களை ஜன்னலைத் திறந்து வைப்பா. வாசம் நல்லாருக்குங்கன்னு சொல்லுவா. நான் போய் மூடுவேன். அவ திரும்பத் திறப்பா." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் செத்துப்போனாள் என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது.

சொர்ணத்தாய் அவர் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் இருந்தது. ஆனால் அவள் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"எம் புள்ளையக் கரைச்ச அன்னைக்கு அழுதியளா?"

பொய் சொல்லிவிடலாம். ஒரு தாய்க்கு ஆறுதலாக ஒரு பொய் சொன்னால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல."

"என்ன சொல்லி விட்டிய?"

"அவ பேரைச் சொல்லி, போயிட்டு வான்னு சொன்னேன்."

சொர்ணத்தாய் முகம் அப்படியே இறுகிப்போனது. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"அழ ஆள் இல்லாமப் போயிருக்கான்" என்றாள். "நாளைக்கு எல்லாரும் ஆத்துக்கு வாராங்க. கரைக்க எங்கிட்ட என்ன இருக்கு?"

சுடலைமணி பானையைத் தூக்கி சாரின் காலடியில் வைத்தார். அந்தக் கோபத்திலும் சத்தம் வராமல்தான் வைத்தார். "உங்க வீட்டம்மாவ எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. இனி இங்க நிக்காதீங்க."

உலகம்மாள் அங்கே இருந்தாள். குனிந்தால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு போய்விடலாம், நாளைக்குப் படத்துக்கு மாலை போட்டுக் கூட்டத்தையும் நடத்திவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. சார் குனிந்தார். கை பானை வரைக்கும் போய் நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா" என்றார், திரும்பாமலே. "நான் இவங்களுக்கு என்ன சொல்லட்டும்? நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?"

அம்மா குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வந்ததுல இருந்து நீங்கதான் சார் சொல்லிக்கிட்டு இருக்கிய. அந்தப் பையன் பேரு என்னன்னு இன்னும் கேக்கலையே."